எந்தக் கல்லால் நிறுத்த எடை?

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தினருக்கும், ஜரிகை, பொன் வணிகர்களுக்கும், கோயில் கணக்கர்களுக்கும் ஒரு திறந்த மடல்



நிறுத்தல் என்பது ஒப்பிடுதல். தராசின் ஒரு தட்டில் பொருளும் மறு தட்டில் கல்லும் ஏறி, முள் நடுவில் நிற்கும்போது ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணுக்குப் பொருள் தருவது மறு தட்டில் இருக்கும் கல். கல் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே ஓர் எடையை முழுமையாக எழுத மூன்று செய்திகள் வேண்டும்: எண், அலகு, அந்த அலகு எவருடைய கல்லால் நிறுக்கப்பட்டது என்பது. சோழர் காலக் கல்வெட்டுகள் பல இந்த மூன்றையும் எழுதின. பிற்கால வாய்பாடுகள் முதல் இரண்டோடு நின்றுவிட்டன. இன்றைய சட்டமுறை எடையளவு, மூன்றாவது செய்தியை முத்திரையாகப் படிக்கல்லிலேயே பதித்துவிடுகிறது. பட்டும் ஜரிகையும் பொன்னும் எடையால் கைமாறும் காஞ்சிபுரத்தில் இந்த வரலாறு இன்றைய கணக்கையும் தொடுகிறது.

விதையிலிருந்து வாய்பாடு

தமிழகத்தில் சிற்றெடைகள் விதைகளிலிருந்து பிறந்தன. நெல், குன்றிமணி, மஞ்சாடி, கழற்சிக்காய் ஆகியவை எளிதில் கிடைப்பவை; நன்கு உலர்ந்தபின் எளிதில் கெடாதவை. குன்றிமணி ஏறத்தாழ 0.12 முதல் 0.13 கிராம் வரை நிற்கும். மஞ்சாடி அதைப்போல் இரண்டு மடங்கு. நான்கு மஞ்சாடி சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிராம். ஒரே விதையை மட்டும் நம்பினால் கூடுதல் குறைவு தெரியும். பல விதைகளைச் சேர்த்து நிறுத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடும். சிற்றெடைகள் பெருக்கல் வாய்பாடாக அமைந்ததற்கு இதுவும் உதவியது.

எடையும் அளவும் இலக்கணத்திலும் இடம் பெற்றுள்ளன. தொல்காப்பியம் ‘பனை’ என்ற அளவையும் ‘கா’ என்ற நிறையையும் குறிப்பிடுகிறது. அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் எந்த எந்த எழுத்துகளில் தொடங்கும் என்று வரையறுக்கிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்தில் தொடி, கஃசு என்னும் இரண்டு நிறைகள் வருகின்றன. தொடி என்பது ஒரு பலம். கஃசு என்பது கால் பலம்.

திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி வழியாக மனப்பாடம் செய்யப்பட்ட பொன் நிறுத்தல் வாய்பாடு பொதுவாக இப்படி அமைகிறது:

4 நெல் எடை = 1 குன்றிமணி
2 குன்றிமணி = 1 மஞ்சாடி
2 மஞ்சாடி = 1 பணவெடை
5 பணவெடை = 1 கழஞ்சு
8 பணவெடை = 1 வராகனெடை

பலசரக்கு நிறுத்தலுக்கு வேறு வாய்பாடு இருந்தது:

10 வராகனெடை = 1 பலம்
40 பலம் = 1 வீசை
8 வீசை = 1 மணங்கு
20 மணங்கு = 1 பாரம்

நெல், அரிசி, எண்ணெய், நெய் போன்றவை தராசுக்கு வரவில்லை. அவை முகந்து அளக்கப்பட்டன. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி அல்லது மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். அதனால் பழைய ஆவணம் ஒன்றில் விளக்குக்குரிய எண்ணெய் உழக்கிலும், அதற்கு முதலாக வைத்த பொன் கழஞ்சிலும் இருக்கும். ஒன்று முகத்தல், மற்றது நிறுத்தல்.

ஒரே பெயர், இரண்டு எடை

மேலே கண்ட பொன் வாய்பாட்டின்படி 5 பணவெடை ஒரு கழஞ்சு. அதாவது 10 மஞ்சாடி ஒரு கழஞ்சு. சோழர் கல்வெட்டுக் கணக்கிலோ 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. தஞ்சைப் பெரிய கோயிலின் நகைப் பட்டியல்களைப் பதிப்பித்த கல்வெட்டு அறிஞர்கள் இந்த 20 என்ற விகிதத்தையே கண்டனர். தமிழ்ப் பின்னக் கணக்கிலும் இருபதில் ஒரு பங்குக்கு ‘மா’ என்று தனிப்பெயர் உண்டு. ஆகவே இந்தப் பகுப்பு கணக்கருக்கு இயல்பாகக் கைவந்திருக்கும். சித்த மருத்துவம் இன்று பின்பற்றும் மாற்று அட்டவணையில் கழஞ்சு ஏறத்தாழ 5.1 கிராம், குன்றி 130 மில்லிகிராம், பலம் 35 கிராம். இது 20 மஞ்சாடிக் கழஞ்சுக்கு நெருங்கி வருகிறது.

இந்த வேறுபாடு என்ன செய்யும் என்பதைக் காஞ்சிபுரத்துக் கல்வெட்டு ஒன்றே காட்டும். ராஜசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயிலில் உள்ள சோழர் காலக் கல்வெட்டில், கோயில் பண்டாரத்திலிருந்து மேனலூரார் 18 கழஞ்சு 3 மஞ்சாடி 1 குன்றிப் பொன்னைப் பெற்று, அதன் பலிசையை, அதாவது வட்டியை, கொண்டு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு அளவு வார்ப்பதாக ஒப்புக்கொள்கின்றனர். ஒரு குன்றியைக்கூட விடாமல் எழுதப்பட்ட தொகை இது. கழஞ்சுக்கு 20 மஞ்சாடி என்று கொண்டால் மொத்தம் 727 குன்றி; குன்றிக்கு 130 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ 94.5 கிராம். கழஞ்சுக்கு 10 மஞ்சாடி என்று கொண்டால் 367 குன்றி, ஏறத்தாழ 47.7 கிராம். எழுதியவர் குன்றி வரை கவனமாக இருந்தார். படிப்பவர் தவறான வாய்பாட்டை எடுத்தால் பாதிப் பொன் காணாமற்போகும்.

துலாம் என்ற அலகிலும் இதே சிக்கல் உண்டு. மருத்துவக் கணக்கில் துலாம் என்பது 100 பலம், அதாவது 3.5 கிலோ. கடைத்தெரு வாய்பாட்டில் 6 வீசை ஒரு துலாம். அது 240 பலம், ஏறத்தாழ 8.4 கிலோ. மருந்துச் சுவடியையும் மளிகைக் கணக்கையும் ஒரே வாய்பாட்டால் படிக்க முடியாது.

பெயர் பெற்ற கற்கள்

இந்தக் குழப்பத்தைச் சோழர் காலத்து எழுத்தர்கள் அறிந்திருந்தனர். பொன்னின் எடையைக் குறிக்கும்போது எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்து எழுதும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. குடிஞைக்கல் என்ற பெயர் பல கல்வெட்டுகளில் வருகிறது. 1010இல் நிறைவுபெற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்கள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இரண்டும் இறைவனின் பெயர்கள். ஆடவல்லான் என்ற பெயரிலேயே ஒரு மரக்காலும் இருந்தது. முகத்தல் அளவையில் அருமொழிதேவன் மரக்கால் போன்று அரசன் பெயர் தாங்கியவையும் வழங்கின.

இறைவன் பெயரையோ அரசன் பெயரையோ கல்லுக்கு வைப்பதற்குப் பக்தி ஒரு காரணம். கணக்கின் தேவை மற்றொரு காரணம். ஓர் ஊரில் வணிகர் கல் ஒன்றும், ஊர்ச் சபையின் கல் ஒன்றும், கோயில் பண்டாரத்தின் கல் ஒன்றும் இருக்கும்போது, அறக்கொடை பெற்றவர் எந்தக் கல்லால் பெற்றாரோ அதே கல்லால்தான் திருப்பித் தரவேண்டும். ‘சந்திராதித்தவல்’, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, நடக்க வேண்டிய ஒப்பந்தத்தில் கல்லின் பெயரும் ஒரு நிபந்தனை.

இதே தேவை மற்ற இடங்களிலும் எழுந்தது. அர்த்தசாஸ்திரம் நிறைகளையும் அளவைகளையும் கண்காணிக்கத் தனி அதிகாரியை வகுக்கிறது. எடைக்கற்கள் இரும்பாலோ, மகத, மேகல நாட்டுக் கற்களாலோ, நீரால் பெருகாமலும் வெப்பத்தால் சுருங்காமலும் இருக்கும் பொருளாலோ ஆக வேண்டும் என்றும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை அவற்றுக்கு முத்திரையிடக் கட்டணம் பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதற்கும் முன்பே சிந்துவெளி நகரங்களில் கன சதுரமாகச் செதுக்கிய எடைக்கற்கள் ஒன்றுக்கொன்று இரட்டிக்கும் வரிசையில் பயன்பட்டன. அவற்றில் பெருவழக்காக இருந்த கல் ஏறத்தாழ 13.6 கிராம்.

கச்சிப்பேட்டின் நிறைகூலி

எடை பொதுவானதாக இருக்க வேண்டுமானால் அதைக் காப்பவருக்கு வருவாய் வேண்டும். காஞ்சிபுரத்தில் அந்த ஏற்பாடு எப்படி இருந்தது என்பதற்கு உத்தம சோழனின் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு சான்று. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அந்தச் செப்பேடு, கச்சிப்பேட்டில், அதாவது அன்றைய காஞ்சிபுரத்தில், வசூலான கோல்நிறைகூலி, கால் அளவு கூலி ஆகியவற்றை ஊரகத்துக் கோயிலின் செலவுகளுக்கு உரியவையாகக் கூறுகிறது. கோலால் நிறுப்பதற்கு ஒரு கூலி, காலால் அதாவது மரக்காலால் அளப்பதற்கு ஒரு கூலி. ஊரகம் என்பது இன்றைய உலகளந்த பெருமாள் கோயில். கோயில் பொன்னைக் கடனாக ஏற்று வட்டி செலுத்துவதிலும், கோயில் காரியங்களைக் கவனிப்பதிலும் நகரத்து நெசவாளர் சேரிகளுக்குப் பங்கு இருந்தது என்பதையும் அதே செப்பேடு காட்டுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே காஞ்சிபுரத்தில் தராசு, கோயில், நெசவாளர் மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிட்டன.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அங்கு குறிப்பிடப்படும் வாரியங்களில் பொன் வாரியமும் ஒன்று. பொன்னின் மாற்றுப் பார்ப்போரைத் தேர்ந்தெடுப்பதற்கும் அந்த ஊர்ச் சபை விதி வகுத்தது. எடை சரியாக இருந்தாலும் மாற்று குறைந்தால் பொன் குறைந்ததே. ஆகவே தராசும் உரைகல்லும் ஒரே மேற்பார்வையில் இருந்தன.

தராசு சடங்கிலும் இடம் பெற்றது. விஜயநகர அரசர் அச்சுதராயர் 1530களில் காஞ்சிபுரத்தில் தம்மை முத்துகளுக்கு எதிராக நிறுத்துத் துலாபுருஷ தானம் செய்தார். அங்கே ஒரு தட்டில் அரசரே கல்லாக அமர்ந்தார்.

தட்டும் கோலும்

பழைய நிறுவைக் கருவிகள் இரண்டு வகை. ஒன்று இரு தட்டுத் தராசு. நடுவில் தொங்கும் கோலின் இரு பக்கமும் நீளம் சமமாக இருக்க வேண்டும். இல்லையெனில் சரியான கல்லும் தவறான எடை காட்டும். இதைச் சோதிக்க எளிய வழி பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைப்பது. முள் மீண்டும் நடுவில் நின்றால் கோலில் குறையில்லை. பொன் தராசு இதே அமைப்பின் சிறிய வடிவம். குன்றிமணியும் சிற்றெடைகளும் அதன் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

மற்றொன்று வெள்ளிக்கோல். இதற்கு ஒரே தட்டு. கோலின் ஒரு முனை கனமானது. கோல் மீது வரைகள் இருக்கும். தாங்கும் கயிற்றை வரை வரையாக நகர்த்தி, கோல் கிடைமட்டமாக நிற்கும் இடத்தில் எடை படிக்கப்படும். தனிக் கற்கள் தேவையில்லை என்பதால் ஊர் ஊராகச் செல்லும் வணிகருக்கு ஏற்றது. ஆனால் அளவை முழுவதும் கோலுக்குள்ளேயே இருப்பதால் அதை வெளியிலிருந்து சரிபார்ப்பது கடினம்.

வராகனெடையிலிருந்து ரூபாய் எடைக்கு

விஜயநகர காலத்திலிருந்து நாணயம் எடைக்கல்லாகவும் வழங்கியது. வராகன் ஏறத்தாழ 3.4 கிராம் பொன் நாணயம். வராகனெடை என்ற பெயர் அதிலிருந்தே நிலைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கணக்கு வைத்தபோது பலம், வீசை, மணங்கு, பாரம் ஆகியவற்றைத் தன் பவுண்டு, அவுன்சுகளுக்கு மாற்றி எழுதியது. அதன்படி ஒரு பலம் ஒன்றேகால் அவுன்சு, ஒரு மணங்கு 25 பவுண்டு, ஒரு பாரம் 500 பவுண்டு. வணிகருக்கு வசதியான முழு எண்கள் இவை.

1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு முடிந்து வெள்ளி ரூபாய் கணக்கு வந்தது. 1833ஆம் ஆண்டின் விதி 180 கிரெயின் எடையுள்ள ரூபாயைத் தோலாவாக நிறுவியது. 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் அதே எடையில் ஒரே ரூபாய் வந்தது. தோலா 11.66 கிராம். அதன்பின் ஒரு பலம் மூன்று ரூபாய் எடை என்றானது. அதாவது ஏறத்தாழ 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 5 சேர் ஒரு வீசை, 1.4 கிலோ. 8 வீசை ஒரு மணங்கு, 11.2 கிலோ.

இரண்டு மணங்குகளையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 25 பவுண்டு என்பது 11.34 கிலோ, 960 தோலா என்பது 11.2 கிலோ. மணங்குக்கு 140 கிராம், பாரத்துக்கு ஏறத்தாழ 2.8 கிலோ. ஒரே பெயர், ஒரே நகரம், ஒரே நூற்றாண்டு. ஆயினும் பவுண்டு வழி மாற்றியவருக்கும் ரூபாய் வழி மாற்றியவருக்கும் இரண்டு விடைகள். மாகாணம் தாண்டினால் இடைவெளி இன்னும் பெரிது. வங்காள மணங்கு 40 சேர். அந்தச் சேர் 80 தோலா. ஆகவே அது 37.32 கிலோ. பம்பாய் மணங்கு 28 பவுண்டு, அதாவது 12.7 கிலோ. சென்னைச் சேர் 280 கிராமாக இருக்க, வங்காளச் சேர் 933 கிராமாக இருந்தது. வடக்கேயிருந்து சரக்கு வாங்கும் காஞ்சிபுரத்து வணிகர் ஒவ்வொரு பட்டியலிலும் எந்தச் சேர் என்று கேட்டாக வேண்டியிருந்தது.

மெட்ரிக் முறைக்கு வந்த வழி

நாடு முழுவதற்கும் ஒரே எடை என்ற எண்ணம் சுதந்திரத்துக்கு வெகு முன்பே எழுந்தது. வைசிராய் மேயோ பிரபு காலத்தில் 1871இல் இயற்றப்பட்ட சட்டம், கிலோகிராமுக்குச் சமமான எடையைச் ‘சேர்’ என்ற பெயரில் நாடெங்கும் நிறுவ முனைந்தது. புதிய எடைக்குப் பழைய பெயர். 1872இல் மேயோ அந்தமானில் கொல்லப்பட்டார். சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 1939ஆம் ஆண்டின் எடைத்தரச் சட்டம் 180 கிரெயின் தோலா, 80 தோலா சேர், 40 சேர் மணங்கு என்று வங்காள வழக்கையே இந்தியத் தரமாக்கியது. சென்னை மாகாணம் 1948இல் தன் சொந்த எடையளவுச் சட்டத்தை இயற்றியது.

முழு மாற்றம் 1956ஆம் ஆண்டின் எடையளவுத் தரச் சட்டத்தோடு வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா புழக்கத்துக்கு வந்து, பதின்மக் கணக்கை முதலில் நாணயத்தில் பழக்கியது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நுழைந்தன. 1962 ஏப்ரலில் அவை நாடு முழுவதும் கட்டாயமாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் பழையதும் புதியதும் அருகருகே புழங்கின. மாற்று அட்டவணைகள் அச்சாகி வந்தன. முதலில் நாணயம், பிறகு எடை என்ற இந்த வரிசை மாற்றத்தை எளிதாக்கியது. ரூபாயை நூறாகப் பகுக்கப் பழகியவருக்குக் கிலோவை ஆயிரமாகப் பகுப்பது கடினமாக இல்லை. 1976இல் விரிவான சட்டமும், 1985இல் அதன் அமலாக்கச் சட்டமும் வந்தன. இப்போது நடப்பில் இருப்பது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

கடைக் கல்லிலிருந்து கிலோகிராம் வரை

இன்றைய எடைக்குப் பின்னால் ஒரு சங்கிலி உண்டு. பாரிசுக்கு அருகே செவ்ரில் வைக்கப்பட்ட பிளாட்டினம்–இரிடியம் உருளை 1889 முதல் உலகின் கிலோகிராமாக இருந்தது. அதன் 57ஆம் எண் படி புது டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ளது. அங்கிருந்து வட்டாரத் தர ஆய்வகங்களுக்கும், மாநிலங்களின் இரண்டாம் நிலைத் தர எடைகளுக்கும், ஆய்வாளரிடம் இருக்கும் நடைமுறைத் தர எடைகளுக்கும், கடைசியாகக் கடைக்காரரின் படிக்கல்லுக்கும் ஒப்பீடு இறங்கி வருகிறது. தமிழ்நாட்டில் இந்தப் பணி தொழிலாளர் துறையிடம் உள்ளது. இரும்புப் படிக்கல்லின் குழியில் அடைத்த ஈயத்தின் மேல் விழும் முத்திரை, அந்தக் கல் சங்கிலியில் சேர்ந்ததற்கு அடையாளம். படிக்கற்களும் இரு தட்டுத் தராசும் 24 மாதத்துக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசு 12 மாதத்துக்கு ஒருமுறையும் மறு முத்திரை பெற வேண்டும்.

2018 நவம்பரில் வெர்சாய் நகரில் கூடிய எடையளவுப் பொது மாநாடு, கிலோகிராமை உருளையிலிருந்து விடுவித்து பிளாங்க் மாறிலியோடு இணைக்க முடிவு செய்தது. 2019 மே 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓர் உருளை காலப்போக்கில் மிக நுண்ணிய அளவில் மாறலாம். இயற்கையின் மாறிலி மாறாது. கடைத்தெருவில் இந்த மாற்றத்தால் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் ஆடவல்லான் கல்லிலிருந்து தொடர்ந்து வந்த ஒரு நிலை அதோடு முடிந்தது: உலகின் எடை முழுவதும் ஒரு தனிப் பொருளைச் சார்ந்து நிற்கும் தேவை இப்போது இல்லை.

பட்டும் ஜரிகையும்

சட்டம் ஒன்றானபின்னும் தொழில்களுக்கு உரிய அலகுகள் தொடர்கின்றன. பட்டு இழையின் பருமன் டெனியரில் சொல்லப்படுகிறது. 9,000 மீட்டர் நீள இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஐரோப்பாவின் பழைய நாணயப் பெயர் ஒன்றே அலகின் பெயராயிற்று. பருத்தி நூலின் நம்பர் இதற்கு நேர்மாறானது: ஒரு பவுண்டு நூலில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை என்பதே நம்பர். டெனியர் ஏறினால் இழை பருக்கும். நம்பர் ஏறினால் நூல் மெலியும். ஒன்று நீளத்தை நிலையாக வைத்து எடையைக் கேட்கிறது. மற்றது எடையை நிலையாக வைத்து நீளத்தைக் கேட்கிறது.

பட்டின் எடை பட்டுக்குள் இருக்கும் நீரையும் பொறுத்தது. கைக்கு ஈரம் தெரியாமலே பட்டு தன் எடையில் பெரும் பங்கு நீரை ஏற்கும். ஆகவே உலர் எடையோடு 11 சதவீதம் சேர்த்தது வணிக எடை என்று உலகப் பட்டு வணிகம் ஏற்றுக்கொண்டது. முற்றிலும் உலர்த்தியபின் 1 கிலோ நிற்கும் பட்டு, வணிகக் கணக்கில் 1.11 கிலோ. பிரான்சின் லியோன் நகரில் இதற்கென அரசு ஏற்புடைய சோதனை நிலையம் 1805இலேயே ஏற்பட்டது. மழைக்காலத்தில் நிறுத்துக் கொடுத்த நூலைக் கோடையில் சேலையாக நிறுத்து வாங்கும்போது தோன்றும் குறைவில் ஒரு பங்கு இந்த நீரே.

மற்றொரு குறைவு பட்டு வேக வைக்கும்போது ஏற்படுகிறது. கச்சாப் பட்டின் மேலுள்ள பசை சோப்பு நீரில் கரைந்து போக, எடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். 1,000 கிராம் கச்சாப் பட்டு 750 கிராம் அளவில் திரும்பும். பாவும் ஊடையும் நிறுத்துக் கொடுத்துச் சேலையை நிறுத்து வாங்கும் முறையில், கொடுத்த எடை பசை நீக்குவதற்கு முன்னா, பின்னா, சாயம் ஏற்றியபிறகா என்பது எழுதப்படாவிட்டால் நெசவாளர் தலையில் வீண் பழி விழும்.

ஜரிகைக்கு எடையும் சதவீதமும் சேர்ந்தே தரம். பட்டு இழையின் மேல் வெள்ளி இழை சுற்றி, அதன் மேல் பொன் முலாம் பூசப்படுகிறது. வெள்ளியோடு செம்பும் சேரும். காஞ்சிபுரத்து ஜரிகையில் நெடுங்காலம் 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம் என்ற அளவு நிலவியது; பின்னர் வெள்ளி 40, தங்கம் 0.5 சதவீதம் என்ற குறைந்த அளவும் வந்தது. இரண்டும் எடையில் ஒன்றாக இருக்கலாம், மதிப்பில் ஒன்றல்ல. ஜரிகை விற்பனை அலகான மார்க் ஏறத்தாழ 240 கிராம். மார்க் என்ற பெயரில் ஐரோப்பாவிலும் பொன், வெள்ளி நிறுக்கும் அலகு இருந்தது: பிரெஞ்சு மார்க் ஏறத்தாழ 245 கிராம், கொலோன் மார்க் ஏறத்தாழ 234 கிராம். ஆகவே மார்க் என்று எழுதும் ரசீதில் கிராமும் இருக்க வேண்டும்.

பொன் விலை இன்றும் பவுன் அல்லது சவரன் கணக்கில் பேசப்படுகிறது. பிரிட்டிஷ் சவரன் நாணயத்தின் எடை 7.988 கிராம், நகைக்கடைச் சவரன் முழு 8 கிராம். சட்டம் ஏற்கும் அலகு கிராம். மாற்றுக்கு உத்திரமேரூர் சபை செய்ததை இன்று ஹால்மார்க் செய்கிறது. 2021 ஜூனில் கட்டாயமாகத் தொடங்கியது.

பதிவில் இடம்பெற வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை சுருக்கமானது. சங்கங்களிலும் கடைகளிலும் கோயில் பண்டாரங்களிலும் எஞ்சியுள்ள பழைய எடைக்கற்கள் பழைய இரும்பு விலைக்குப் போவதற்கு முன் முத்திரையுள்ள தராசில் நிறுக்கப்பட்டு, கிராம் எடையும், கல்லின் மேலுள்ள எழுத்தும் குறியும், கிடைத்த இடமும் பதியப்பட வேண்டும். ஓரம் தேய்ந்த கல்லானால் அதுவும் குறிக்கப்பட வேண்டும். அத்தகைய ஒரு கல், வாய்பாடு விட்டுச்சென்ற மூன்றாவது செய்தியைத் தரும்.

பழைய கணக்கேடுகளையும் நகைப் பட்டியல்களையும் கிராமுக்கு மாற்றும்போது மூல எண்ணும் மூல அலகும் நீக்கப்படாமல் அருகிலேயே நிற்க வேண்டும். எந்த வாய்பாட்டால் மாற்றப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும்: கழஞ்சுக்கு 20 மஞ்சாடியா 10 மஞ்சாடியா, மணங்குக்கு 25 பவுண்டா 960 தோலாவா, துலாமுக்கு 100 பலமா 240 பலமா. பின்னர் பிழை கண்டவர் அதைத் திருத்த இந்தக் குறிப்பே வழி.

நடப்புக் கணக்கில் பட்டின் எடையோடு அதன் நிலையும், அதாவது கச்சா, பசை நீக்கியது, சாயம் ஏற்றியது என்பதும், ஜரிகையின் எடையோடு வெள்ளி, தங்கச் சதவீதமும், தராசின் கடைசி முத்திரைத் தேதியும் சேர வேண்டும். கொடுப்பவர் ஏட்டிலும் பெறுபவர் ஏட்டிலும் இவை ஒன்றாக இருந்தால், நிறை பற்றிய வழக்கு எழும்போது இரு தரப்பும் ஒரே ஆதாரத்தைக் காட்ட முடியும்.